ஈரத் தோலில் ஏழு அடி

அன்பான காக்கா, என் மூத்தவரே,

நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடி வாசலில் நின்று நான் சொல்லும் அதே ஸலாம் இந்தக் கடிதத்திலும். விதவையாக மச்சி வீட்டுக்குள் இருந்த நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்துவிட்டது. மருதமுனையில் மழை இன்னும் விடவில்லை. உங்கள் தோற்கருவியான றபானை மச்சி சீலையால் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்.

நீங்கள் கடைசியாக அடித்த ஏழு அடிகளை வைத்து ஓர் இசை எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் கல்முனையில் வாசிக்கப் போகிறோம். ஓர் அடியின் ஒலிப்பதிவைக் கணினியில் போட்டால், அதற்குள் இருக்கும் சுரங்களை அது தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும். கீழே கிடந்த தடித்த கோட்டைச் செல்லோவுக்குக் கொடுத்தேன். நடுவில் நெருங்கிக் கிடந்த இரண்டும் வயலின்களுக்கு. மேலே சட்டென்று மறைந்துபோகும் மெல்லிய கோட்டைப் புல்லாங்குழல் வாசிக்கும். எந்தக் கோடு முதலில் தேய்கிறதோ, அந்தக் கருவி முதலில் ஓயும். நாலு பேர் சேர்ந்து உங்கள் ஒரு கையடியை வாசிப்பார்கள்.

பெரிய கெட்டிக்காரன் மாதிரி அந்தப் பதிவை மச்சிக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இது அவர்ர சத்தமில்ல தம்பி. ஈரத் தோல். நெருப்புக் காட்டித் தோல இறுக்காம அவர் ஒருநாளும் றபானத் தொட்டதில்லியே.”

பதிவு செய்த அன்று நடந்தது நம் இருவருக்கும்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தீர்கள். அன்றும் மழை. நான் மைக்கை நீட்டினேன். “தோல் தளந்திருக்கு, கொஞ்சம் நெருப்புக் காட்டித் தாடா” என்றீர்கள். எனக்குக் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். “சும்மா அடிங்க காக்கா, மிச்சத்தக் கம்பியூட்டர் பாத்துக்கும்” என்றேன். நீங்கள் அப்படியே ஏழு அடி அடித்தீர்கள்.

மச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வெக்கப்பட்டிருப்பார்” என்றார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கணினியில் சுருதியை உயர்த்திப் பார்த்தேன். ஒரு நொடி வேலை. கலியாண வீடுகளில் நீங்கள் எழுப்பும் அதே கணீர்ச் சத்தம் வந்தது. மச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்டைக்கு அவர் இப்பிடி அடிக்கல்லயே.”

எதை வைப்பது காக்கா? கணீரென்ற பொய்யையா, நான் கெடுத்த உண்மையையா? அந்தத் தளர்ந்த சத்தத்தை ஊர் கேட்டால் உங்கள் கையைக் குறை சொல்லாதா?

இரண்டு நாள் யோசித்து, உயர்த்தியதை அழித்துவிட்டேன். நாலு கருவிகளும் உங்கள் தளர்ந்த தோலுக்கே சுருதி சேர்த்துக்கொள்ளும். ஆனால் தொடங்கும் முன் மேடையில் எழுந்து நின்று சொல்வேன்: “அவர் நெருப்புக் கேட்டார். நான்தான் கொடுக்கவில்லை. அடித்த கையில் ஒரு குறையுமில்லை.” அதைச் சொன்ன பிறகுதான் முதல் அடி கேட்கும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என் பிழையைப் பொறுத்து என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள், காக்கா.

உங்கள் கூடப்பிறந்த
கடைசித் தம்பி