அக்கரைக்கு ஒரு ஒப்பாரி

லுங்கா,
9 மே 1972

அன்புத் தம்பி இலாரிக்கு,

பராஸ்கா அக்கா எழுதுவது. நீ அனுப்பிய மாத்திரைகளும் எலுமிச்சம்பழங்களும் வந்து சேர்ந்தன. பழத்தை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மாத்திரையைத் தொடவில்லை. இந்தக் கோடையைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் தெரியும். கட்டிக்கொண்டு போக வேண்டிய பாவாடையையும் மேல்சட்டையையும் தானே பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயவைத்தாள்.

ஊர்ச் செய்தி ஒன்று உண்டு. ஊர்க் கிளப்பை நடத்தும் நம் ஒனிட்சா, அங்கே லுங்காவில் பிறந்த பெரிய மனிதர்கள் என்று ஒரு சுவர் முழுக்கப் படங்களை மாட்டியிருக்கிறார். தேனீயைப் பற்றிப் புத்தகம் எழுதின பேராசிரியர், சதுரங்கக்காரர், ரயில் பாலம் கட்டின எஞ்சினியர், நடுவில் நீ. இசை நாடகத்தில் ராஜாவாகப் பாடும் வேஷத்தில், பொய்த் தாடியும் கிரீடமுமாக உன் படம்தான் எல்லாவற்றிலும் பெரிசு. அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கான், யாரு பெத்த புள்ள?" என்று கேட்டாள். கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள். ஒன்பது வருஷமாக நீ வரவில்லை என்பதற்காக அப்படிக் கேட்டாள் என்று நான் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து அம்மா சொன்னது இது. "நான் போனா நஸ்தாவுக்குக் காயிதம் போடாதீங்க. வாயால சொல்லுங்க. என்மேல மண்ணு விழறதுக்கு முன்னால அவ எனக்காக அழணும்."

நம் மூத்தவள் நஸ்தாக்கா அக்கரையில் கட்டிக்கொண்டு போன வீட்டின் புகை என் ஜன்னலிலிருந்து தெரிகிறது. அவள் போன மறு வருஷம் தீசா ஆறு எல்லையாகிவிட்டது. அவளுக்குக் கடிதம் போட்டால் இரண்டு தலைநகரங்களைச் சுற்றி, பிரித்துப் படிக்கப்பட்டு, ஒன்றரை மாதம் கழித்து அந்தப் புகைக்குப் போய்ச் சேர்கிறது. ஆற்றுக்கு மேலாகக் கூப்பிட்டுப் பேசவும் கூடாது. நம் யூர்கா அக்கரையில் இருந்த அண்ணனிடம் மாடு கன்று போட்டதைக் கத்திச் சொல்லிவிட்டு உள்ளே போய் இருந்து வந்தான். பாட்டுக்குத்தான் தடையில்லை. அதனால் முள்கம்பி போட்ட நாளிலிருந்து சாவை நாம் ஒப்பாரியில்தான் சொல்லி அனுப்புகிறோம். போனது யார், எப்படிப் போனது, யாருக்கு என்ன விட்டுப் போனது எல்லாம் அதில் போய்விடும்.

ஒப்பாரியைச் சொந்த ரத்தம்தான் பாட வேண்டும். டாக்டர் கழுத்தில் கத்தி வைத்த பிறகு என் குரல் கதவு கிறீச்சிடுவது மாதிரி ஆகிவிட்டது. கோழிகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. மிச்சம் இருப்பது நீ.

வருவாயா?

உன் அக்கா,
பராஸ்கா


தலைநகர்,
24 மே 1972

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒத்திகைக்கு நடுவில் படித்தேன். அதன் பிறகு பாட்டு ஓடவில்லை. அம்மாவுக்கு வேறு மாத்திரை அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பாலில் கரைத்தாவது கொடு.

என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பார். இலையுதிர் காலத்தில் இத்தாலிக்குப் போகும் குழுவில் என் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். உறவினர் வெளிநாட்டில் உண்டா என்ற கேள்விக்கு, நஸ்தாக்காவைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. இந்த நேரத்தில் எல்லைக்குப் போய் ஆற்றைப் பார்த்து அழுதேன் என்று ஒரு வரி போனால் போதும். தவிர, நம் ஊரில் எந்த ஆண் ஒப்பாரி பாடினான்? ஊர் சிரிக்காதா?

ஒரு யோசனை தோன்றுகிறது. இங்கே நல்ல ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது. நான் பாடிப் பதிவு செய்து நாடாவை அனுப்பிவிடுகிறேன். நேரம் வரும்போது கிளப்பு ஒலிபெருக்கியை ஆற்றுப் பக்கம் திருப்பிவைத்தால் அக்கரைக்கு நன்றாகவே கேட்கும்.

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி,
இலாரி


லுங்கா,
6 ஜூன் 1972

இலாரிக்கு,

உன் யோசனையை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

"அந்த டப்பாவுக்கா நான் பால் குடுத்தேன்?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பராஸ்கா


தந்தி
3 ஜூலை 1972

அம்மா போய்விட்டாள். புதன் அடக்கம். பராஸ்கா.


தலைநகர்,
19 ஜூலை 1972

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. நம் ஊர் லாரிக்காரர் திமிஷ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஆனாலும் எனக்குள் நடந்ததை நீ பார்த்திருக்க முடியாது. உன் தந்தியை இரண்டு தடவை படித்தேன். பிறகு எல்லைப் பகுதிக்குள் வர அனுமதிச் சீட்டு வாங்க ஓடினேன். இத்தாலி நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அதையும் தாண்டித்தான் ஓடினேன்.

எல்லைக் காவல் அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டு கை குலுக்கினார். தாராளமாகப் பாடுங்கள், எங்கள் ஆட்களும் கேட்கட்டும் என்றார். பெட்டியைக் கல்லறைச் சரிவின் ஓரத்தில், ஆற்றைப் பார்த்து வைத்தீர்கள். நீ கை நீட்டி, அக்கரையில் மூன்றாவது புல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை முக்காடுதான் நஸ்தா என்றாய். நான் பாடினேன். அம்மா தன் தாய்க்குப் பாடிய அதே அடிகள். என் குரல் ஆற்றைத் தாண்டி மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எத்தனையோ அரங்குகளில் பாடியிருக்கிறேன், அக்கா, அப்படி ஒரு அரங்கு எனக்கு வாய்த்ததில்லை. காற்றுகூட நின்று கேட்பதாக நினைத்தேன். அம்மா பக்கத்தில் கிடக்கிறாள் என்பதையே மறந்து, கடைசி வரியை நன்றாக நீட்டி இறக்கினேன்.

அக்கரையில் கைதட்டினார்கள்.

நம் பக்கத்துக் காவல் கோபுரத்து ஒலிபெருக்கியில் ஞாயிறுதோறும் என் இசைத்தட்டைத்தான் போடுவார்கள் என்று அப்போதுதான் நீ என் காதில் சொன்னாய். புல் அறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றைக்கும் அதே இசைத்தட்டு, இலவசக் கச்சேரி. இன்னொன்று போடச் சொல்லி ஒருவன் சீட்டியடித்தான். அந்த வெள்ளை முக்காடும் கைதட்டியது. பெற்ற தாய் பெட்டியில் கிடக்க, என் பாட்டைக் கேட்டு அவள் மகள் கைதட்டினாள். இதை நான் எந்தக் கணக்கில் வைப்பேன்?

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அம்மா நம்மைச் சாப்பிடக் கூப்பிடுவாளே, அந்த மாதிரி. "நஸ்தாக்கா, நான் இலாரி. அம்மா போயிட்டா. இந்தா இந்தப் பெட்டியில இருக்கா. அழு, அக்கா." இரண்டாவது தடவை சொல்வதற்குள் வாயைப் பொத்தி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பாடியதற்குக் கை குலுக்கிய அதே அதிகாரி, பேசியதற்கு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இனி எல்லைப் பகுதியில் கால் வைப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இத்தாலி போய்விட்டது. எனக்குத் தொண்டை சரியில்லை, நீண்ட ஓய்வு தேவை என்று நாடக சாலை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. இதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. அவளுக்குக் கேட்டதா? அதை மட்டும் எழுது.

இலாரி


லுங்கா,
6 ஆகஸ்ட் 1972

என் கண்ணான தம்பிக்கு,

கேட்டது. முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். பிறகு மற்றதைப் படி.

உன்னை ஜீப்பில் ஏற்றும்போது அக்கரையில் ஒரு சத்தமும் இல்லை. அறுத்துக்கொண்டிருந்த அரிவாள்கள் எல்லாம் நின்றுவிட்டன. இந்த ஆற்றின் சத்தம் இவ்வளவு பெரிசு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு அந்த வெள்ளை முக்காடு அசைந்தது. நஸ்தாக்கா சரிவில் இறங்கி ஓடிவந்தாள். இந்த வயசில் அப்படி ஒரு ஓட்டம். அவர்கள் பக்கத்துக் காவல்காரன் கையை நீட்டி மறித்தான். அவனை ஒரு கன்றுக்குட்டியைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் வந்து நின்று முக்காட்டை அவிழ்த்தாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது, இலாரி. நம் அக்காவுக்கு நரைத்துவிட்டது, அது நமக்குத் தெரியவே இல்லை.

அவள் ஒப்பாரியை ஆரம்பித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது. தன் நான்கு பேரன் பேத்திகளின் பெயரை அம்மாவுக்குச் சொன்னாள். வீட்டில் எந்த மூலையில் அம்மா கொடுத்த போர்வை இருக்கிறது என்று சொன்னாள். கைதட்டிய கையை என்ன செய்வது என்று கேட்டாள். பிறகு அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் பெண்கள் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். அம்மாவை ஒரு நாளும் பார்த்திராத பெண்கள். பாதிரியார் ஜபப் புத்தகத்தை மூடிவிட்டு, "இருக்கட்டும், அவங்க முடிக்கட்டும், மண்ணு எங்கயும் ஓடிடாது" என்றார். பொழுது சாயும்போதுதான் அம்மாவைக் குழியில் இறக்கினோம். அவள் கேட்டபடியே அழுகை முன்னால் போனது, மண் பின்னால் விழுந்தது.

கிளப்பில் உன் படத்தைக் கழற்றிவிட்டார்கள். மேலிடத்து உத்தரவாம். ஒனிட்சா என் வீட்டுக்கு வந்து, "என்ன மன்னிச்சிடு பராஸ்கா, எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார். ஒரு கிண்ணம் சாராயம் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

இனி எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. துக்கம் உள்ள வீட்டு ஆண்கள் ஆறு வாரம் தலையில் தொப்பி வைப்பதில்லை. வீட்டு ஆண்கள் மட்டும்தான். ஊராருக்கு அது கிடையாது. அடக்கத்துக்கு மறுநாள் காலை நான் மாட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனேன். நஸ்தாவின் புருஷனும் பிள்ளைகளும் வெறுந்தலையோடு புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சரிதான் என்று நினைத்தேன். அவர்களுக்கு அடுத்த நிலத்திலும் வெறுந்தலை. அதற்கு அடுத்ததிலும். மலை உச்சிவரை பார்த்தேன், இலாரி. அத்தனை ஆண்களும், கிழவர்கள், சீட்டியடித்த அந்தத் தடியன் உட்பட, ஒருவன் தலையிலும் தொப்பி இல்லை. ஜூலை வெயில் எப்படி என்று உனக்குத் தெரியும். நான் மாட்டை விட்டுவிட்டு அப்படியே மண்டியிட்டேன்.

ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஒருவனும் போடவில்லை. கோபுரத்தில் ஒருவன் தூரப்பார்வைக் கண்ணாடி வைத்து அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தொப்பி போடாமல் இருப்பதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்று அவனுக்கும் தெரியவில்லை போலும். மூன்றாம் நாள் முதல் நம் பக்கமும் ஆரம்பித்துவிட்டது. முதலில் யூர்கா, பிறகு இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவரும் திமிஷ், இப்போது பாதி ஊர். இரண்டு கரையிலும் வெறுந்தலைகள், நடுவில் முள்கம்பி. யாரும் யாரோடும் பேசுவதில்லை; பேசினால்தானே குற்றம்.

நீ இங்கே வர முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்காக அழுது முடித்துவிட்டேன். ஆறு வாரம் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. அந்தப் பெரிய நகரத்தில், உன்னைத் தெரிந்தவர்கள் பார்க்க, நீ தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிறாயா என்று நான் கேட்கமாட்டேன். போடமாட்டாய். எனக்குத் தெரியும்.

உன் இக்கரை அக்கா,
பராஸ்கா