பச்சைப் பொம்மையை என் கையில் கொடு

சமயநல்லூர்,
பங்குனி 12

அன்பு மகள் அஸ்வினிக்கு, அப்பா காளை சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சூரியபிரகாஷும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறோம், இங்கே நாங்கள் ரெண்டு பேரும் வெயிலைத் திட்டிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம். உன் அத்தை சுந்தரம்மாள் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து போனாள், இப்பத்தாண்ணே ஒன் மூஞ்சி தெளிவாத் தெரியுது, இதைப் பாக்கவா அறுத்துக்கிட்டேன் என்று என்னையே கேலி செய்கிறாள். போரில் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் இதை நான் ஆரம்பித்தால் சாப்பிட்டீங்களாப்பா என்று நீ பேச்சை மாற்றுவாய், நானும் என்ன குழம்பு என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுதும் படி.

போன மாசம் வாடிப்பட்டி ரோட்டில் வண்டியோடு விழுந்தேனே, நாய் குறுக்கே வந்தது என்று சொன்னேனே, நாய் எதுவும் வரவில்லை தாயி. முன்னால் ஒரு டிராக்டர் நின்றது, தூரத்திலேயே பார்த்துவிட்டேன், பிரேக்கைப் பிடி என்று கைக்குச் சொன்னேன், வலது கை விரல் நாலும் அப்படியே விறைத்துக்கொண்டு நின்றது. வண்டியை ஒடித்துக் கரையில் முள்ளுக்குள் விட்டேன். முட்டியில் சிராய்ப்போடு போனது, டிராக்டரில் போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. முள்ளில் கிடந்தபோது எனக்கு வலி தோன்றவில்லை, ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது. டிவிக்குள் உன்னையும் மாப்பிள்ளையையும் முந்திப் படகு வலிக்கிற கை, ஒரு பிரேக்கைப் பிடிக்க மாட்டேன் என்கிறதே, அது எப்படி.

எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். ஆடி மாசம் வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கைக்குப் பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள், சின்னப் பிள்ளையா நான் என்று தூக்கிப் போட்டேன். தீபாவளி லீவில் மாப்பிள்ளை வந்தபோது இந்த விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டு, மாமா இதுல விரல் நல்லா வேலை செய்யும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நீங்கள் அங்கேயும் நாங்கள் இங்கேயுமாக நாலு பேரும் உட்காருவோம், சிவப்புப் பொம்மை நீ, நீலம் மாப்பிள்ளை, மஞ்சள் என்னோடு சிம்மக்கல்லில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய பேயாண்டி, பச்சை நான். பகடை உருட்டிக் கட்டம் கட்டமாகப் போக வேண்டும், சுற்றுக்கு ஒரு குட்டி ஆட்டம் வரும். படகு வலிப்பது, கயிறு இழுப்பது, உருண்டு வரும் பாறைக்குத் தப்பிக் குதிப்பது, ஆட்டுக்குட்டியைப் பட்டியில் அடைப்பது என்று எண்பதுக்கு மேலே இருக்கிறது. எப்படி ஆடுவது என்று முதலில் இங்கிலீசில் எழுத்து வரும், நீங்கள் படித்து முடிப்பதற்குள் மூலையில் இருக்கும் படத்தைப் பார்த்து இது பாறை, இது படகு என்று சொல்லிவிடுவேன். தலை எதையும் மறக்கவில்லை, விரல்தான் வரவில்லை. மார்கழி முடிய ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பேயாண்டி வேறு, என்னண்ணே பச்சை ஆளு காவலுக்கு நிக்கிறாரா, நகரவே மாட்டேங்கிறாரே என்பான். கோபத்தில் ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன், ரெண்டு ஞாயிறு உட்காரவே இல்லை.

பொங்கல் முடிந்து நீ கெஞ்சிக் கூப்பிட்டாய், உட்கார்ந்தேன், அன்றைக்கு ஏழு ஆட்டம் ஜெயித்தேன். அதற்கு அடுத்த வாரமும் ஜெயித்தேன். கை சரியாகிவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன், அந்தத் தெம்பில்தான் வண்டியை எடுத்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொம்மை பொறுக்கும் இடத்தில் நம் நாலு பேருக்கும் கீழே ஒரு சின்னக் கை படம் இருக்கும், பொங்கலுக்குப் பிறகு எனக்கு மட்டும் கை போய்ச் சதுரமாக ஒரு தலை வந்தது. அன்றைக்கே பார்த்தேன். பச்சைக்கு ஏதோ அலங்காரம் என்று இருந்துவிட்டேன். சிம்மக்கல்லில் எந்த மூட்டை எந்தக் கடைக்கு என்று மசியால் போட்ட மார்க்கை வைத்தே முப்பது வருஷம் இறக்கியவன் நான், மார்க்கு மாறினால் மூட்டை மாறிவிட்டது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாமல் போகுமா. ஜெயிக்கிற ருசியில் தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

விழுந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை படகு வந்ததும் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு டீயைக் கையில் எடுத்தேன். நான் டீயை ஊதிக்கொண்டிருக்கிறேன், பச்சை ஆள் நுரை பறக்க வலிக்கிறான். முதலாவது வந்தான். அப்பா சூப்பர்ப்பா என்று நீ அங்கே கை தட்டினாய். இங்கே பேயாண்டி என் கையைப் பார்த்தான், தலையணையைப் பார்த்தான், என்னண்ணே, நீங்க இல்லாமயே நல்லா ஆடுறீங்களே என்றான். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

பச்சை ஆளை ஆட்டுவது யார் என்று அன்றைக்கே உன் அம்மாவிடம் கேட்டேன். கம்ப்யூட்டரே உங்களுக்குப் பதிலா ஆடுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா என்றாள். நான் கம்ப்யூட்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நீ போனில் சொல்லச் சொல்ல அவள்தான் கை படத்தை எடுத்துவிட்டு அந்தத் தலையை வைத்திருக்கிறாள். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள், அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, நீங்க சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தீங்க, எங்களுக்கு வேற வழி தெரியல, அதையும் சேத்து எழுதுவேன் என்கிறாள். எழுதட்டும், அதுவும் நிசம்தான்.

உன் மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். ஏழாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை ரேங்க் கார்டைக் கொண்டு வந்தாய், மழை பெய்து நீ நனைந்து வந்தாய், கார்டை மட்டும் பாவாடைக்குள் சுருட்டி நனையாமல் வைத்திருந்தாய். எனக்கு எழுத்துத் தெரியாது, நூற்றுக்கு நூறு என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். நீ விரலை வைத்து, அப்பா இது கணக்கு, இது பெயிலு என்றாய். கையெழுத்துப் போடும் இடத்தில் என் மார்க்கைப் போட்டேன், வட்டமும் மேலே ரெண்டு கொம்பும். அரையாண்டில் நீ பாஸ் ஆனாய். பெயில் என்று தெரிந்ததால்தானே ராத்திரி பகலாகப் படித்தாய் தாயி. எனக்கும் பெயில் என்று சொல்லியிருந்தால் இந்த ரெண்டு மாசம் நான் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஆகையால் இதுதான் நான் சொல்ல வந்தது. வருகிற ஞாயிறு ஐந்து மணிக்குப் பச்சைக்குக் கீழே கை படம் இருக்க வேண்டும். நீயும் இளகி ஆடக் கூடாது, மாப்பிள்ளையும் அப்படி ஆடக் கூடாது, மாமனார் என்று அவர் படகை மெதுவாக விட்டால் எனக்குத் தெரிந்துவிடும், அவர் வளைவில் எப்போதும் இடது பக்கம் ஒட்டித்தான் வருவார். நான் தோற்பேன், தோற்றால் உச் கொட்டாதே, பேயாண்டி மாதிரி கேலி பண்ணு. இப்போது தினமும் காலையில் பந்தை இருநூறு தடவை அமுக்குகிறேன், பிறகு உன் அம்மாவைக் கை படத்தை வைக்கச் சொல்லிப் பேயாண்டியோடு படகு. இருபத்து மூணு நாள் கடைசியாக வந்தேன். நேற்று அவனை முந்தினேன். அவன் உடனே, ரிமோட்டு வழுக்கிருச்சு, இது செல்லாது என்றான். நீயும் விட்டுக்கொடுத்தாயோ என்று சட்டையைப் பிடித்துக் கேட்டேன். உன் அம்மா காபியோடு வந்தாள், எனக்கு ஒண்ணும் வேணாம் மதினி என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பேயாண்டி நம் வீட்டுக் காபியைத் தொடாமல் போனதே கிடையாது, அதனால் ஜெயித்தது நிசம் என்று தெரிந்துகொண்டேன். வண்டிச் சாவியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். படகில் மாப்பிள்ளையை என் கையால் முந்துகிற அன்றைக்குத்தான் திருப்பி வாங்குவேன். அது வரை டவுன் பஸ்.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி என்றாயே, நாற்காலியிலேயே கிடக்காமல் எழுந்து நடக்கச் சொல். நீங்கள் ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ அழகரும் மீனாட்சியும் துணை இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஐந்து மணி, கை படம், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா காளை

பேரை எழுதியது உன் அம்மா. அதற்குக் கீழே இருக்கும் மார்க்கு நான் வலது கையால் போட்டது. மூன்று தாள் வீணாகிவிட்டது, இதிலும் வட்டம் சேரவில்லை, ஒரு கொம்பு சரிந்துவிட்டது. உன் அம்மா என் கையைப் பிடிக்கவில்லை.