சீனத்துக் குதிரைக்காரிகள்

கலைமதி அப்பாவுக்கு, விழுப்புரத்திலிருந்து வேணி எழுதுவது.

நானும் கடையும் நலம். திண்டிவனத்தில் உங்கள் தம்பி வீட்டில் நீங்களும் நலமாக இருப்பீர்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. லெட்டர் என்றால் நடுவில் கட் பண்ண முடியாது. அதனால் எழுதி, டெம்போ டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் வியாபாரம். பொம்மையார்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் அருணா மேடம் கேட்ட சீனத்துப் பொம்மைகளை நான் கைவிடவில்லை. "பொணத்தோட பொதைக்கிற பொம்மைய என் கையால செய்ய மாட்டேன், நீயே பெசஞ்சிக்கோ" என்று கத்திவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். அதற்காக வந்த ஆர்டரைத் திருப்பினால் கடை என்னாவது? நம் பட்டறை ராயப்பன் செய்துகொண்டிருக்கிறார்.

நாலு காலும் பறக்க ஓடுகிற குதிரை. நீங்கள் செய்யும் அய்யனார் குதிரை மாதிரி ஊன்றி நிற்காது. முதலில் சுட்டவை சூளையிலேயே கால் உடைந்துபோயின. இப்போது வயிற்றுக்கடியில் முட்டு கொடுத்திருக்கிறோம், நிற்கிறது. மேலே உட்கார்ந்து போலோ மாதிரிப் பந்தடிக்கிறவர்கள் பெரிய வீட்டுப் பெண்கள். கையை ஓங்கியிருக்கிறார்கள், கையில் ஒன்றும் இல்லை. "இன்னாக்கா, வெறுங்கைய வீசிக்கினு போறாளுங்க, ஈ ஓட்டுறாளுங்களா?" என்றார் ராயப்பன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

என்ன சரக்கு என்று தெரியாமல் நான் எதையும் விற்றதில்லை. அருணா மேடத்திடமே கேட்டேன். சீனத்துக் கல்லறையில் கிடைத்த அசல் பொம்மைகளின் கையில் பந்தடிக்கிற மட்டை இருந்ததாம், அது மரத்தில் செய்ததாம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்து மக்கிப்போயிருக்கும் என்கிறார்கள். சரி, கல்லறைக்குள் பந்தாட்டம் எதற்கு என்றேன். உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டது அங்கே போயும் இல்லாமல் போய்விடக் கூடாது என்று வைத்தார்களாம். விலைகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

கலைமதியை அடக்கம் செய்த அன்று பட்டுப்புடவை சுற்றி, கை நிறைய வளையல் அடுக்கினோம். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக்கூட அவள் வளையல் போட்டதில்லை. அவளுடைய ஹாக்கி மட்டை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அப்படியே நிற்கிறது. அந்தப் பக்கம் திரும்பாமலே நீங்கள் அந்த அறைக்குள் போய்வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் பஸ் ஏறியது சீனத்துப் பொம்மைக்காக இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அருணா மேடத்தின் பொம்மைகளை நீங்கள் தொட வேண்டாம். எனக்கு ஒன்றே ஒன்று செய்து தாருங்கள். குதிரை வேண்டாம், அவளுக்கு ஓடத்தான் பிடிக்கும். கையில் மட்டை இருக்கட்டும். அதையும் மண்ணிலேயே செய்துவிடுங்கள், மக்காது. சுட்டு எடுத்து அவள் தலைமாட்டில் வைப்போம். நானே செய்து பார்த்தேன். உடம்பு வருகிறது, முகம் என் கைக்கு வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். தம்பி பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மண் பிசைந்து ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கலைமதி அம்மா