எந்த மருந்து?

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போனதைப் பற்றி யார் பேசினாலும், "வயசாயிருச்சுல்ல" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. அறுபதெல்லாம் ஒரு வயதா அப்பா?

மதுரை டாக்டர், "மருந்து ஏதும் எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டாராம். நீங்கள் சிரித்துக்கொண்டே, "சின்ன வயசுலருந்து மருந்துலதான் கெடக்கேன்" என்றீர்களாம். அம்மா சொன்னாள். நம் ஊர் நாரணாபுரத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போவது. அவரோ மாத்திரை என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நீங்கள் தெரியாமல் சொன்னீர்களா? இல்லை, வேலையை விடச் சொல்லிவிடுவார் என்று அப்படிச் சொன்னீர்களா?

கல்லூரியில் நான் நடத்தும் பாடம்தான். உயிரணு ஆக்சிஜனால் பிழைக்கிறது; அதே ஆக்சிஜன் அதை அரிக்கவும் செய்கிறது. தூசியும் புகையும் சேர்ந்தால் அரிப்பு கூடும். இளம் உயிரணு லேசாக அடிபட்டதும் உஷாராகி, அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். வயதாக ஆக அந்த உஷார் மங்குகிறது. தூசி அதேதான், தாங்குவதுதான் குறைகிறது. ஆக, வயசு என்றவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார்கள். மீதி அந்த மருந்துத் தூசி; அதை ஏன் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை? உங்களைக் கொண்டுபோனது அதுதான் என்று என்னாலும் நிரூபிக்க முடியாது.

இப்போது மருந்து கலக்கும் அறையில் உங்கள் இடத்தில் சித்தப்பா நிற்கிறார். உங்கள் இருமலேதான் அவருக்கும். முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னால், "பழகுன ஒடம்பு தாயி. எம்புட்டு வருசமா இங்கன நிக்கேன், என்ன செஞ்சிருச்சு?" என்கிறார். கம்பெனியிலும் அதே பேச்சு: பழகின ஆள், தீபாவளி சீசன் முடியட்டும்.

"பழகுறதுக்கும் ஒரு வயசு இருக்கு சித்தப்பா. ஒடம்பு இனிமே பழகாது."

"பாடத்தக் காலேஜுல நடத்து."

வியாழக்கிழமை அதே டாக்டரிடம் போகிறார். "நீ எதுக்கு அலையுத, நான் தனியாப் போயிக்கிடுதேன்" என்கிறார். எதற்கும் என்னைக் கூப்பிடுகிற மனிதருக்கு இதில் மட்டும் என்ன கரிசனம்? லீவு சொல்லிவிட்டேன். பஸ்ஸிலும் பக்கத்தில் உட்காருவேன், டாக்டர் முன்னாலும் உட்காருவேன். மருந்து என்று பேச்செடுத்ததும், எந்த மருந்து என்று நான் சொல்வேன். இது உங்கள்மேல் சத்தியம்.

கோபித்துக்கொள்வார். பல வருஷம் இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.

உங்கள் சிரிப்பை இன்னும் நம்பாத,
உங்கள் மூத்த மகள்