கஸ்டர்டு இல்லை, புட்டிங்

7 ஆகஸ்ட் 1978
இவர் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நேற்றுத் துவைத்த புடவைகளையே மறுபடி துவைத்தேன். உடம்பு தேறிவிட்டது என்று அம்மாவுக்கு எழுதியாயிற்று. நாலாம் மாதமே கலைந்துபோனதைப் பற்றி இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. யாரையும் தெரியாதே, யார் கேட்பார்கள்?

9 ஆகஸ்ட்
பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லூசியம்மாள் பின்வாசலில் வந்து நின்றார். கடலூர்ப் பக்கத்துக்காரர்.

"ஆஸ்பத்திரில இருந்தீங்கன்னு நேத்துதாங்க தெரியும். எனக்கும் மூத்தது தங்கல," என்றார்.

கொண்டுவந்த கிண்ணத்தை என் கையில் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பால் இனிப்பு, மேலே சிவந்த சர்க்கரைப் பாகு. ஒரு வாய் வைத்ததும் அழுகை வந்துவிட்டது.

10 ஆகஸ்ட்
மிச்சத்தை இவரிடம் நீட்டி, கஸ்டர்டு என்றேன். ஊர்க் கல்யாணத்தில் ஒருமுறை சாப்பிட்ட பால் இனிப்பு அதுதானே! இவர் முகர்ந்து பார்த்தார்.

"இது புட்டிங்லா. முட்டை போட்டது. கேன்டீன்ல பாத்திருக்கேன்."

"நல்லாருந்துச்சு."

"நம்ம வீட்ல முட்டை புழங்குனது உண்டா? இனிமே அங்கேருந்து எதையும் வாங்காத, கேட்டியா?"

கிண்ணத்தைக் கழுவி லூசியம்மாள் வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். கூப்பிடவில்லை.

11 ஆகஸ்ட்
பின்கதவு சாத்தியே கிடக்கிறது. நான்தான் சாத்தினேன்.

16 ஆகஸ்ட்
முட்டை தின்றதில் எனக்கு அருவருப்பே வரவில்லை. தப்போ? இன்று முழுக்க நான் பேசியது பால்காரரிடம் "அரை லிட்டர்" என்றது மட்டும்தான்.

20 ஆகஸ்ட்
லூசியம்மாளே கதவைத் தட்டினார்.

"நீங்க முட்டை சாப்பிட மாட்டீங்கன்னு தெரியாம குடுத்துட்டேங்க. கூப்பிடாம கிண்ணத்த வெச்சுட்டுப் போனப்பதான் புரிஞ்சுது. மனசுல வெச்சுக்காதீங்க. இது கஸ்டர்டு, முட்டையே இல்ல. கொதிக்கிற பால்ல பவுடரக் கரைச்சு ஊத்தி, கிண்டிகினே இருந்தா போதும். புட்டிங்குதான் முட்டைய அடிச்சு இட்லிப் பானையில வேகவெக்கறது. தட்டுல கவுத்தா நிக்கும்."

எனக்காகத் தனிப் பாத்திரத்தில் செய்தாராம். வாழைப்பழத் துண்டுகளோடு கூழாக, குளிர்ச்சியாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால்—

"அக்கா, எனக்கு அந்தப் புட்டிங்குதான் பிடிச்சிருக்கு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும். எத்தனை நாளாயிற்று!

27 ஆகஸ்ட்
அக்கா வீட்டு அடுப்படியில் முதல் தடவையாக முட்டை உடைத்தேன். ஓடும் சேர்ந்து விழுந்தது. "எடுத்துப்போடுங்க, ஒண்ணும் ஆவாது," என்றார் அக்கா.

இவர் வந்ததும் மறைக்காமல் சொன்னேன். "அக்கா வீட்ல புட்டிங் செஞ்சு சாப்பிட்டேன். இங்க கொண்டு வரல. ஆனா அங்க போகாம என்னால இருக்க முடியாது. நீங்க போனப்புறம் இந்தச் செவத்தையே பாத்துக்கிட்டு எப்படிங்க இருப்பேன்?"

முகம் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

28 ஆகஸ்ட்
தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்.

29 ஆகஸ்ட்
ஷிஃப்டுக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"சாயங்காலம் அந்த அக்கா வீட்லதான இருப்ப? சாவிய அங்கயே வந்து வாங்கிக்கிடுதேன்."