சின்னுசாமி வீட்டு போன்

அஸ்தம்பட்டி, சேலம்
14.6.1983

தம்பி சென்னிமலைக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

உன் சின்ன மகள் ராசாத்திக்கு வலிப்பு வந்தபோது இங்கே டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான். அடிக்கடி பஸ்ஸில் அலைய முடியாது என்றாய். மாதம் ஒருமுறை போனில் விவரம் சொன்னால் போதும் என்று அவரும் இறங்கி வந்தார். ஊரில் போன் இருப்பது லாரிக்காரர் சின்னுசாமி வீட்டில். உன் மூத்தவள் சௌந்திரத்தை அந்த வீட்டில் கொடுக்கத்தான் நீ வலை வீசிக்கொண்டிருந்தாய்.

டிரங்க் காலில் கத்தினால்தான் சேலத்துக்குக் கேட்கும். சம்பந்தியாகப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உன் மனைவி வலிப்பு என்று கத்துவாளா? சளித் தொந்தரவு என்று அங்கே சொல்லி வைத்திருக்கிறீர்கள். "நல்லாருக்கறாளுங்க டாக்டருங்க, ஒண்ணுமில்லீங்க" என்று இரண்டு வருஷமாகக் கத்தியிருக்கிறாள். அதை நம்பி அவர் மாத்திரையைக் குறைத்துவிட்டார்.

மாரியம்மன் நோம்பிக்கு வந்தபோது கண்ணால் பார்த்தேன். கோயில் வாசலில் பிள்ளை விழுந்து வெட்டி வெட்டி இழுக்கிறது. வாயில் ரத்தம். நீ மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றி, "ஆத்தா வந்திருக்குதுங்க" என்றாய். சின்னுசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "புது லாரி எடுக்கலாமா தாயே?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டார். "எடுக்கச் சொல்லுதுங்க மாமா" என்று பதிலும் நீயே சொன்னாய்.

அவள் என் மடியில்தான் கண் விழித்தாள். "பெரீப்பா, நான் உளுந்ததை மாமன் ஊட்ல சொல்லிப்போடாதீங்க, அம்மா அடிக்கும்" என்றாள். ஒன்பது வயது.

என் மகள் ஆத்தாயி பிறந்தபோது அவள் அம்மாவுக்கு ஒரே ஒருமுறை வலிப்பு வந்தது. அதை இதே சின்னுசாமியிடம் போய்ச் சொல்லி, ஆத்தாயிக்கு அந்த வீட்டில் கூடிவந்த சம்பந்தத்தை முறித்தவன் நீ. "அண்ணன் ஊட்ல அந்தச் சீக்கு இருக்குதுங்க" என்றாயாம். ஆத்தாயி இரண்டாம் தாரமாகப் போனாள். உன் மூத்தவளுக்கும் அப்படியே நடந்தால் எனக்குத் தூக்கம் கெடாது.

நேற்று டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். இனி போனில் சொல்வது எதையும் நம்பமாட்டேன், மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் ஊட்டுவது அவர்கள்தானே, பிள்ளையைப் பெற்றவர்களோடு நேரில் பார்க்க வேண்டும் என்றார். இப்படியே விட்டால் ஒருநாள் வலிப்பு நிற்காமலே போய்விடும் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர். வராவிட்டால் அன்று சாயங்காலம் அந்த போனுக்கு நான் கூப்பிடுவேன். எடுப்பவர் சின்னுசாமி. நானும் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

அதுவரை பிள்ளையைக் கிணற்றுப் பக்கமும் அடுப்புப் பக்கமும் தனியாக விடாதே. ராசாத்தி நன்றாக இருக்கட்டும். உன் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன்.

முடிவில் 'உன் அண்ணன்' என்று போட வேண்டும். அதை உனக்கு எழுதித்தர மனமில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.