கை திரும்பி வந்துவிட்டது

அம்மா, இதைப் படித்ததும் கிழித்துவிடு. சித்தியிடம்கூடக் காட்டாதே. அப்பாவுக்குத் தெரிந்தால் அவர் தாங்கமாட்டார்.

அங்கே கபொரோனில் உன் வேலை எப்படிப் போகிறது? இங்கே நம் மவுன் ஊரில் நல்ல குளிர். எனக்குப் பரீட்சை நடக்கிறது.

அப்பாவின் கை நடுக்கம் நிற்கவில்லை, அம்மா. கிடாரை விட்டபோது இருந்ததைவிட மோசம். அவர் வரையும் மாடுகளின் கொம்புகள் நெளிந்துபோகின்றன. அவர் தூங்கியதும் நான் அவற்றின்மேல் சரியாக வரைந்துவிடுகிறேன். மே மாதத்திலிருந்து இப்படித்தான். இப்போதுகூட ஒன்றை முடித்துவிட்டுத்தான் வந்தேன். காலையில் அதைப் பார்த்து, "பாத்தியா கண்ணு, கை திரும்பி வந்துடுச்சு!" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நேற்று அவருடைய பழைய இசைக்குழு டிரம்மர் மொத்துசி வந்தார், ஆணி பதித்த தோல் சட்டையும் கௌபாய் தொப்பியுமாக. சனிக்கிழமை கான்சி ஊரில் மெட்டல் இசைக் கச்சேரியாம்.

"நாங்க மேடையில அடிச்சு நொறுக்குறோம். நீ பக்கத்துல நின்னு பெருசா ஒரு படம் போடுடா கிழவா. இல்ல, கை உதறுதா?"

"உன் தாளம் உதறாம இருந்தா சரி!" என்று அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஊரே பார்க்கும், அம்மா. உண்மையைச் சொன்னால் தூரிகையையும் விட்டுவிடுவார். காலைப் பேருந்தில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ வெள்ளிக்கிழமைக்குள் வந்து எதையாவது சொல்லி அவரைத் தடு—

கதவைத் தட்டும் சத்தம். அப்பாதான். "இன்னும் தூங்கலையா? வெளிய வா. இந்தக் கொம்பு ஏன் ஈரமா இருக்கு?"